பாலையில் ஒரு முகாம் திடல்

கோட்டை, கோயில், கல்வெட்டு, செப்பேடு ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகள் என்று பள்ளிப் பாடங்களில் நாம் படிக்கிறோம். அவை சான்றுகள் என்பதில் எவர்க்கும் ஐயம் இல்லை. ஆனால் ஒரு மேசையும், இரும்பு வளையத்தால் ஆன ஓர் அடுப்பும், ஒரு குடிநீர்க் குழாயும், எண் பொறித்த ஒரு முளையும் வரலாற்றுச் சான்றுகள் ஆகுமா? ஆகும் என்பதை எடுத்துக்காட்டுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம். இந்நான்கையும் ஒருங்கே காணக்கூடிய இடம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய மரணப் பள்ளத்தாக்கு என்னும் தேசியப் பூங்காவில், பர்னஸ் கிரீக் என்ற இடத்தில் உள்ள முகாம் திடலே அது. பர்னஸ் கிரீக் என்பதற்கு உலை ஓடை என்று பொருள் கொள்ளலாம்.

முகாம் என்றவுடன், சாரணர் இயக்கத்தில் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்குத் தங்கள் முகாம் நினைவிற்கு வரும். மாந்தோப்பிலோ ஆற்றங்கரையிலோ கூடாரம் அடித்து, கல் கூட்டி அடுப்பு மூட்டி, குடத்தில் நீர் சுமந்து வந்து சமைத்து உண்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். அங்கே இடம் தேர்வதும், நீர் தேடுவதும், குழி தோண்டுவதும் தங்குவோர் பொறுப்பு. நான் சொல்லவந்த முகாம் திடல் அத்தகையதன்று. அங்கே அரசு எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கிறது. வண்டி நிற்கும் இடம் இது, கூடாரம் அடிக்கும் இடம் இது, நெருப்பு மூட்டும் இடம் இது என ஒவ்வொன்றும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. குடிநீர் உண்டு; கழிப்பறை உண்டு. வருகின்றவர் கட்டணம் செலுத்தி, தமக்குரிய எண்ணைத் தேடிக் கண்டு, சில இரவுகள் தங்கிச் செல்லலாம். வீட்டிற்கும் வெட்டவெளிக்கும் இடைப்பட்ட ஒரு தங்கிடம் என்று இதனைக் கூறலாம்.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். மரணப் பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக நீண்டு ஒடுங்கிக் கிடப்பது. மேற்கே பானமின்ட் மலைத்தொடர். கிழக்கே அமர்கோசா மலைத்தொடர். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் பேட்வாட்டர் என்னும் உப்புப் படுகை, கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. வட அமெரிக்கக் கண்டத்திலேயே மிகத் தாழ்ந்த நிலம் அதுதான். அதற்கு மேற்கே டெலஸ்கோப் சிகரம் 3,360 மீட்டருக்கு மேல் உயர்ந்து, குளிர்காலத்தில் பனி போர்த்து நிற்கிறது. உப்பும் பனியும் ஒரே பார்வையில் தெரியும் இடம் அது. நம் முகாம் திடலும் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 60 மீட்டர் கீழேதான் அமைந்திருக்கிறது.

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்களைக் கடக்கும்போதே தன் மழையைப் பொழிந்துவிடுகிறது. ஆகவே, இப்பள்ளத்தாக்கிற்கு ஓராண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். சென்னை நகருக்கு ஆண்டுதோறும் சற்றேறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை கிடைப்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். 1913-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள், பர்னஸ் கிரீக்கில் இருந்த பண்ணையில் 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு அது. அந்த அளவீட்டில் ஐயம் எழுப்பும் அறிஞர்களும் உளர். ஆயினும், நவீனக் கருவிகளைக் கொண்டு 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் அதே பர்னஸ் கிரீக்கில் அளந்தபோதும் 54.4 டிகிரி இருந்தது. எனவே, அவ்விடத்தின் கோடை உயிருக்கு ஊறு செய்வது என்பதில் இரு கருத்து இல்லை.

இத்தகைய இடத்தில் மனிதர் எவ்வாறு தங்கினர் என்று கேட்பது இயல்பு. ஆனால் வரலாற்று மாணவன் அதனினும் நல்ல வினா ஒன்றைக் கேட்கலாம். எப்போது தங்கினர் என்பதே அவ்வினா. அதற்கு விடை தேடினால், இப்பள்ளத்தாக்கின் வரலாறு முழுவதும் ஓர் ஒழுங்கில் வந்து நிற்கக் காண்போம்.

இப்பள்ளத்தாக்கின் தொல்குடியினர் டிம்பிஷா ஷோஷோனி என்னும் மக்கள். டிம்பிஷா என்னும் பெயர், அங்கே கிடைக்கும் ஒருவகைச் செம்மண் காவியைக் குறித்து வந்தது. அதனை அவர்கள் முகத்தில் பூசிக்கொள்வது வழக்கம். அவர்களுடைய வாழ்க்கை, மலைக்கும் பள்ளத்திற்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் ஒரு பயணமாக இருந்தது. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில், நீரூற்றுகளுக்கு அருகே வாழ்வர். அங்கே மெஸ்கீட் என்னும் மரங்கள் வளர்ந்திருக்கும். நம் ஊர்களில் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலத்திற்கு நெருங்கிய உறவுடைய மரம் அது. அதன் நெற்றுகளைப் பறித்து உலர்த்தி, இடித்து மாவாக்கி உணவாகக் கொண்டனர். வெயில் கடுமையடையும்போது, குடும்பத்தோடு பானமின்ட் மலைமீது ஏறிவிடுவர். அங்கே வேட்டை உண்டு. இலையுதிர் காலத்தில் ஒருவகைப் பைன் மரத்தின் கொட்டைகள் முற்றிக் கிடைக்கும். குளிர் தொடங்கியதும் மீண்டும் கீழே இறங்குவர். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் 6 முதல் 9 டிகிரி வரை குறையும் என்பதை நூலில் படித்து அறியாமல், காலினால் நடந்து அறிந்தவர்கள் அவர்கள். மரங்களுக்கு இடையே வளரும் புதர்களைக் களைந்தும், கிளைகளைக் கழித்தும், மெஸ்கீட் தோப்புகளையும் பைன் காடுகளையும் அவர்கள் பேணி வந்தனர். ஆகையால் அந்நிலத்தை ஆளில்லாத வெறுநிலம் என்று கருதுவது தவறு.

தமிழ் இலக்கியம் கற்ற மாணவர்கள் ஒன்றை இங்கே நினைவுகொள்ளலாம். நம் பாலைத் திணையில் இருவகை மாந்தர் வருவர். பொருள் தேடியோ காதலரைப் பிரிந்தோ வழிச்செல்வோர் ஒரு வகையினர்; அங்கேயே ஊர் அமைத்து வாழும் எயினர் மற்றொரு வகையினர். வழிச்செல்வோருக்குப் பாலை என்பது கடந்து தீர வேண்டிய இடம். வாழ்வோருக்கு அதுவே ஊர். மரணப் பள்ளத்தாக்கின் வரலாற்றிலும் இவ்விரு வகையினரும் உளர்.

வழிச்செல்வோர் 1849-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் கலிபோர்னியாவில் பொன் கண்டுபிடிக்கப்பட்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். பொன் தேடி மேற்கு நோக்கி விரைந்தவர்களுள் சில கூட்டத்தார், குறுக்குவழி ஒன்று உண்டு என்று நம்பி, அறிந்த பாதையை விட்டு விலகினர். மாட்டு வண்டிகளோடும் மனைவி மக்களோடும் டிசம்பர் மாதத்தில் இப்பள்ளத்தாக்கில் வந்து சிக்கினர். மேற்கே மலை வழி மறித்தது. ஒரு கூட்டத்தார் தம் வண்டிகளை உடைத்து விறகாக்கி, மாடுகளைக் கொன்று இறைச்சியை உலர்த்திக்கொண்டு கால்நடையாக வெளியேறினர். பென்னட், ஆர்க்கன் என்னும் இரு குடும்பத்தாரும் அவர்களைச் சார்ந்த சிலரும் ஒரு நீரூற்றின் அருகே தங்கிவிட்டனர். வில்லியம் லூயிஸ் மேன்லி, ஜான் ராஜர்ஸ் என்னும் இரண்டு இளைஞர்கள் உதவி தேடி நடந்தனர். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு நடந்து, மக்கள் வாழும் இடத்தை அடைந்து, உணவோடு திரும்பினர். அவர்கள் திரும்பி வர 26 நாட்கள் ஆயின. தாம் தப்பித்ததோடு அமையாமல், கொடுத்த சொல்லுக்காக மீண்டும் அப்பாலைக்குள் நுழைந்த அவ்விருவரின் செயல் போற்றத்தக்கது. மேன்லி பிற்காலத்தில் இவ்வரலாற்றை நூலாக எழுதி 1894-இல் வெளியிட்டார்.

அக்கூட்டத்தார் மலைமீதேறி வெளியேறியபோது, ஒருவர் திரும்பிப் பார்த்து அதனை மரணப் பள்ளத்தாக்கு என்று சொல்லி விடைபெற்றதாகவும், அப்பெயரே நிலைத்துவிட்டதாகவும் கூறுவர். இத்தனைக்கும் பள்ளத்தாக்கிற்குள் அப்போது இறந்ததாக அறியப்படுபவர் ஒருவரே. அவர்கள் வந்த காலமோ குளிர்காலம். டிம்பிஷா மக்கள் பள்ளத்தாக்கில் நலமாகத் தங்கும் பருவம் அது. ஒரே பருவம், ஒரே நிலம். ஒருவருக்கு மரணவாயில், மற்றவருக்கு மனை. டிம்பிஷா மூதாட்டியரும் முதியோரும் அப்பெயரை ஏற்க மறுத்து வந்திருக்கின்றனர். இது தங்கள் உயிர்நிலம் என்பதே அவர்கள் கூற்று. ஒரு நிலத்திற்குப் பெயரிடுபவர் அங்கே வாழ்ந்தவரா, வழி தவறி வந்தவரா என்று கேட்டுப் பார்ப்பது வரலாற்று மாணவனுக்கு நல்ல பழக்கம்.

பொன் தேடியவர்கள் போயினர். பின்னர் வெங்காரம் தேடுவோர் வந்தனர். பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைப்பதற்குப் பயன்படும் வெங்காரத்தை நீங்கள் கண்டிருக்கக்கூடும். 1881-ஆம் ஆண்டில் அது இப்பள்ளத்தாக்கின் உப்புப் படுகையில் கண்டறியப்பட்டது. 1883-இல் ஹார்மனி வெங்கார ஆலை பர்னஸ் கிரீக்குக்கு அருகே வேலை தொடங்கியது. சீனத் தொழிலாளர்கள் படுகையிலிருந்து வெங்காரத்தை வாரிச் சேர்த்தனர். காய்ச்சி எடுத்த வெங்காரத்தை, 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளும் பூட்டிய பெரு வண்டிகள், நீர்த் தொட்டி ஒன்றையும் இழுத்துக்கொண்டு, 265 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மொஹாவி புகைவண்டி நிலையத்திற்குச் சுமந்து சென்றன. ஒரு வழிப் பயணத்திற்குப் பத்து நாட்கள் பிடித்தன. உழைப்போருக்கும் விலங்குகளுக்கும் உணவு விளைவிக்க, பர்னஸ் கிரீக்கில் ஒரு பண்ணை அமைக்கப்பட்டது. ஓடை நீர் அப்பண்ணைக்குத் திருப்பப்பட்டது.

இந்த ஆலையின் வரலாற்றில் ஒரு செய்தியை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். காய்ச்சிய நீர் ஆறினால்தான் வெங்காரம் படிகமாக உறையும். கோடையில் பர்னஸ் கிரீக்கில் நீர் போதிய அளவு ஆறுவதே இல்லை. ஆகவே ஆலையினர் கோடைதோறும் வேலையை நிறுத்தி, சற்று உயர்ந்த அமர்கோசாப் பகுதியில் இருந்த வேறோர் ஆலைக்கு மாறினர். டிம்பிஷா மக்கள் மெஸ்கீட்டிலிருந்து பைனுக்குச் சென்றது போலவே, வெங்கார ஆலையும் பள்ளத்திலிருந்து மேட்டிற்குச் சென்றது. நிலம் கற்பித்த அதே பாடத்தை இயந்திரமும் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். ஹார்மனி ஆலை 1888-இல் மூடப்பட்டது. வெங்காரக் குழுமத்தார் பின்னர்ச் சுற்றுலாவில் கருத்தைச் செலுத்தி, 1927-இல் பர்னஸ் கிரீக்கில் வசதிமிக்க விடுதி ஒன்றைத் திறந்தனர். செல்வர்கள் தங்குவதற்கு இடம் கிடைத்தது. எளியவர்கள் எங்கே தங்குவது?

அதற்கு விடை அரசிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் தேசியப் பூங்காப் பணித்துறை 1916-ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்டது. பூங்காக்களில் மோட்டார் வண்டிகள் அனுமதிக்கப்பட்டதும், நடுத்தரக் குடும்பத்தார் கூடாரத்தையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கில் வரலாயினர். நினைத்த இடத்தில் வண்டியை ஓட்டினர். நினைத்த இடத்தில் நெருப்பு மூட்டினர். இதன் விளைவை ஆராய்ந்தவர் எமிலியோ மைனெக்கே என்னும் தாவர நோயியல் அறிஞர். மரங்கள் வாடுவதற்குப் பூச்சியோ பூஞ்சையோ மட்டும் காரணம் அன்று. சக்கரங்களும் கால்களும் மண்ணை இறுக்கிவிடுவதால் வேர்கள் மூச்சுத் திணறுகின்றன என்று அவர் கண்டார். முகாம் திடல்களுக்கு உரிய நெறிமுறையை 1932-இல் எழுதினார். வண்டிகள் ஒரே திசையில் சுற்றிவரும் பாதை. அதிலிருந்து பிரியும் சிறு கிளைவழியில் ஒவ்வொரு வண்டிக்கும் நிற்குமிடம். அதனைத் தாண்டி ஓடாதவாறு பாறைகளோ மரத்துண்டுகளோ தடையாக வைத்தல். நகர்த்த முடியாத மேசை, நகர்த்த முடியாத அடுப்பு. இவையே அவர் வகுத்த முறை. மேசையையும் அடுப்பையும் ஓரிடத்தில் நிறுத்திவிட்டால், மனிதர் நடமாட்டமும் அவற்றைச் சுற்றியே அமைந்துவிடும். எஞ்சிய நிலம் பிழைத்துக்கொள்ளும். இன்றும் எந்த அமெரிக்க முகாம் திடலுக்குச் சென்றாலும் இந்த முறையின் சாயலைக் காணலாம்.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஹூவர், மரணப் பள்ளத்தாக்கைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனம் செய்தார். அதே ஆண்டில் பதவியேற்ற ரூசுவெல்ட், பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்து வாடிய இளைஞர்களுக்கென இயற்கைவளப் பாதுகாப்புப் படை ஒன்றைத் தோற்றுவித்தார். இளைஞர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டிற்கே அனுப்பப்பட்டது. உங்களில் பலரின் வயதை ஒத்த அவ்விளைஞர்கள், 1933 முதல் 1942 வரை மரணப் பள்ளத்தாக்கில் பாடுபட்டனர். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளத்திற்குச் சாலைகளைச் சீர்ப்படுத்தினர். நீர்க்குழாய்களும் தொலைபேசிக் கம்பிகளும் இட்டனர். ஐந்து முகாம் திடல்களை அமைத்தனர். பர்னஸ் கிரீக்கை அடுத்துள்ள டெக்ஸஸ் ஸ்பிரிங் முகாம் திடல் அவர்கள் கைவேலைகளுள் ஒன்று. அவர்களும் கோடையில் பள்ளத்தாக்கில் இருந்திலர்; பானமின்ட் மலையில் வைல்டுரோஸ் என்னும் இடத்திற்குத் தங்கள் கொட்டகைகளை மாற்றிக்கொண்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சனவரி மாதத்தில், அந்நாட்டில் பணிபுரியும் என் மகளின் குடும்பத்தோடு பர்னஸ் கிரீக் முகாம் திடலில் இரண்டு இரவுகள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நூல்களில் படித்தவை அனைத்தும் அங்கே பொருளாகக் கிடந்தன. ஒற்றைத்திசைப் பாதை வளைந்து சென்றது. எங்கள் எண் பொறித்த முளையின் அருகே வண்டி நிற்க ஒரு கிளைவழி இருந்தது. மேசையை நகர்த்திப் போட என் பேரன் முயன்றான், அது அசையவில்லை. மைனெக்கேயின் கருத்தை அவனுக்கு விளக்க எனக்கு நல்வாய்ப்பாயிற்று. விறகு பொறுக்கலாகாது என்பது விதி. காய்ந்த சுள்ளியும் அந்நிலத்திற்கே உரியது. இரவு பத்து மணிக்குமேல் ஓசை கூடாது என்பதும் விதி. அந்த அமைதியில் அண்ணாந்து பார்த்தபோது விண்மீன்கள் கண்கொள்ளாமல் நிறைந்திருந்தன. இருள் குன்றாத வானம் உடைய இடம் என்று 2013-இல் அப்பூங்காவிற்கு உலகச் சிறப்புத் தரப்பட்டது பொருத்தமே.

பக்கத்து எண்ணில் முதிய தம்பதியர் தங்கியிருந்தனர். குளிர்காலத்தில் தவறாமல் அங்கே வருவதாகவும், ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே போய்விடுவதாகவும் கூறினர். மறுநாள் பார்வையாளர் நிலையத்தில் முகாம் திடல்களின் அட்டவணையைப் பார்த்தேன். டெக்ஸஸ் ஸ்பிரிங், சன்செட் ஆகிய தாழ்நிலத் திடல்கள் இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை திறந்திருப்பவை, கோடையில் மூடப்படுபவை. பானமின்ட் மலையில் ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள மஹாகனி பிளாட் திடலோ, பனி உருகியபின் கோடைக்காகத் திறக்கப்படுவது. குளிரில் கீழே, கோடையில் மேலே! டிம்பிஷா மக்களின் பழைய ஆண்டுக் கணக்கு அந்த அட்டவணையில் அப்படியே இருந்தது. வெங்கார ஆலை கற்றதும், இளைஞர் படை கற்றதும், அந்தத் தம்பதியர் கற்றதும் அந்த ஒரே கணக்குத்தான்.

அக்கணக்கை முதன்முதலில் அறிந்திருந்த மக்கள் என்ன ஆயினர்? இவ்வினாவைக் கேளாமல் இவ்வரலாற்றை முடித்தல் முறையாகாது. 1933-ஆம் ஆண்டுப் பிரகடனம் டிம்பிஷா மக்களுக்கென நிலம் எதனையும் ஒதுக்கவில்லை. 1936 முதல், பர்னஸ் கிரீக்கிற்கு அருகே ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். முகாம் திடல்களை அமைத்த அதே இளைஞர் படையினர், அங்கே அவர்களுக்குப் பச்சைச் செங்கல் வீடுகளையும் கட்டித் தந்தனர். ஆனால் அந்நிலம் அவர்களுக்குச் சொந்தமாக்கப்படவில்லை. 1950-களின் பிற்பகுதியில் பூங்கா அலுவலர்கள் ஒரு கொள்கையை மேற்கொண்டனர். ஆளின்றிக் கிடக்கும் வீடுகளை அகற்றிவிடுவது என்பதே அக்கொள்கை. வீடுகளோ சுடாத மண்ணால் ஆனவை. குழாய் நீரைப் பீய்ச்சி அடித்து அவற்றைக் கரைத்தனர். குடியிருந்தோர் தம் மரபுப்படி கோடையில் மலைக்குச் சென்றிருந்த வேளைகளிலும் இது நடந்தது என அம்மக்கள் சொல்லி வருகின்றனர்.

மாணவ மாணவியரே, இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். கோடையில் முகாம் திடல் வெறிச்சோடினால், பருவம் முடிந்தது என்கிறோம். கோடையில் டிம்பிஷா வீடு பூட்டிக் கிடந்தால், கைவிடப்பட்டது என்று கொண்டனர். ஒரே செயலுக்கு இரண்டு பொருள். தங்குவோருக்கு ஒரு நீதி, வாழ்வோருக்கு ஒரு நீதி. சுற்றுலாவிற்கு வசதி பெருக்கும் பத்தாண்டுத் திட்டம் ஒன்று 1956 முதல் 1966 வரை அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் எங்கும் நடந்த காலம் அது. பர்னஸ் கிரீக்கில் பார்வையாளர் நிலையமும் அத்திட்டத்தின் கீழ் எழுந்தது. வருவோருக்குக் கட்டடம் எழும்பிய அதே இடத்தில், இருந்தோரின் சுவர்கள் கரைந்தன. இவ்விரண்டிற்கும் பயன்பட்ட நீர் எங்கிருந்து வந்தது? பர்னஸ் கிரீக்கின் குழாய்களுக்கு நீர் தருபவை டிராவர்ட்டின், டெக்ஸஸ் முதலிய ஊற்றுகள். கிழக்கே நெவாடாப் பக்கமிருந்து நிலத்தடியில் நெடுந்தொலைவு ஊறிவரும் நீர் அது. டிம்பிஷா மக்களின் குளிர்கால ஊர் அவ்வூற்றுகளை நம்பியே அமைந்திருந்தது.

ஆயினும் அம்மக்கள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. எஞ்சிய சில வீடுகளில் பிடிவாதமாக இருந்தனர். பாலின் எஸ்டீவஸ் என்னும் பெண்மணி போன்ற தலைவர்கள் விடாது வழக்காடினர், மனுச் செய்தனர், பேசினர். 1983-இல் நடுவண் அரசு டிம்பிஷா ஷோஷோனியைத் தனிக்குடியாக அங்கீகரித்தது. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், மரணப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அதே சட்டம், அம்மக்களுக்குத் தகுந்த நிலம் எது என்று ஆராயவும் ஆணையிட்டது. பேச்சுவார்த்தை இடையில் முறிந்தது. பின்னர் மீண்டும் தொடங்கியது. இறுதியாக 2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டிம்பிஷா தாயகச் சட்டம் நிறைவேறியது. கலிபோர்னியாவிலும் நெவாடாவிலுமாக 7,700 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர்களுக்குரியதாயிற்று. அதில் 314 ஏக்கர் பர்னஸ் கிரீக்கிலேயே, பூங்காவின் நடுவிலேயே உள்ளது. மலையிலும் தோப்பிலும் பைன், மெஸ்கீட் மரங்களை மரபுப்படி பேணுவதற்கும் அச்சட்டம் வழி செய்தது. தேசியப் பூங்கா என்றால் மக்கள் இல்லாத இடமாக இருத்தல் வேண்டும் என்ற பழைய எண்ணத்தை இச்சட்டம் அசைத்தது எனலாம்.

இதனைக் கேட்டு, முகாம் திடல்களே கூடாதவை என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டா. எளிய குடும்பத்தார் குறைந்த செலவில் இயற்கையை நேரில் காண வழி செய்தது பொதுநலப் பணி. வேலையற்ற இளைஞர்கள் அதனைக் கட்டியது பெருமைக்குரிய செய்தி. மேசையையும் அடுப்பையும் நிலையாக நிறுத்தி மரங்களைக் காத்தது நுண்ணறிவு. நன்மையும் தீமையும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், சில வேளைகளில் ஒரே கைகளாலேயே நிகழ்ந்திருக்கின்றன என்பதே வரலாறு காட்டும் உண்மை. அவற்றுள் ஒன்றை மட்டும் கூறி மற்றொன்றை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று.

ஆகவே, நீங்கள் சுற்றுலாவாகவோ சாரணராகவோ எவ்விடத்திற்குச் சென்று தங்கினாலும், மூன்று வினாக்களைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இக்குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது? இத்தங்கிடத்தைக் கட்டிய கைகள் எவை? நமக்கு முன் இங்கே வாழ்ந்தவர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார்? விடைகளைப் பாடநூலில் மட்டும் தேடாதீர்கள். அவ்வூர் முதியோரிடமும் கேளுங்கள். பர்னஸ் கிரீக்கில் இம்மூன்றாம் வினாவைக் கேட்பவர்க்கு விடை தொலைவில் இல்லை. முகாம் திடலிலிருந்து சிறிது தொலைவிலேயே டிம்பிஷா ஊரின் கூரைகள் தெரிகின்றன. குளிர்காலத்து மாலைகளில் அங்கே விளக்குகள் எரிகின்றன. நம் கூடாரங்கள் நாலைந்து நாட்களில் மடிக்கப்படும். அவ்வூர் அங்கேயே இருக்கும்.